பழைய வண்டியில் பிள்ளையோடு: கிளாசிக் கார் சந்திப்புக்கு முதல் முறை செல்வோருக்கான வழிகாட்டி

கிளாசிக் கார் சந்திப்புக்குத் தனியாகப் போகிறவர், வழியில் வண்டி நின்றுவிட்டால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கலாம். பின்னிருக்கையில் எட்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டு மணி நேரம் கிடைக்காது. ஆகவே வண்டி, பிள்ளை ஆகிய இரண்டில் எது முதலில் களைக்குமோ அதை அளவாக வைத்துத்தான் தூரத்தையும் வேகத்தையும் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, பிள்ளையைச் சுமையாக ஏற்றிச் செல்லாமல் அதற்கு வண்டியில் உண்மையான ஒரு வேலையைக் கொடுத்துவிட வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்ப்பரேட்டரும், பிளக்கில் தீப்பொறி வரும்படி மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் காண்டாக்ட் பாயின்ட்டும் உள்ள, ஓரளவு ஓடும் நிலையில் இருக்கும் பழைய வண்டியை மனத்தில் வைத்தே இங்கே சொல்லப்படுகிறது.

எந்தச் சந்திப்பு, எவ்வளவு தூரம்

எல்லாச் சந்திப்புகளும் ஒரே மாதிரியானவை அல்ல. 1929-இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் தொடங்கிய வில்லா டெஸ்டே, 1950-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பெபிள் பீச் போன்ற அழகுப் போட்டிகளில், நடுவர்கள் திருகாணியின் தலை வரை பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அங்கே நிற்கும் வண்டிகளின் அருகில் பிசுபிசுத்த கையோடு ஒரு பிள்ளை நடந்தால் பெற்றோருக்கு நாள் முழுவதும் நிம்மதி இராது. லண்டன்–பிரைட்டன் ஓட்டம் போன்றவற்றில் 1905-க்கு முன் செய்யப்பட்ட வண்டிகள் சாலையில் ஓடுவதே நிகழ்ச்சி. சாலையோரம் நின்று பார்க்கப் பிள்ளைகளுக்கு அருமையானது, ஆனால் கலந்துகொள்வது எல்லோராலும் ஆகாது. முதல் முறைக்கு ஏற்றது, ஆர்வலர் சங்கங்கள் திறந்த திடலில் நடத்தும் சாதாரணச் சந்திப்புதான். அங்கே வருவோர் பேசுவதற்காகவே வருகிறார்கள், நடுவர் இருந்தாலும் பெயரளவுக்கு இருப்பார், உதிரிபாகச் சந்தையும் சேர்ந்து நடந்தால் பிள்ளைக்கு அதுவே பாதி நாள் போதும்.

பதிவு செய்யும்போது வண்டியின் ஆண்டும் வகையும் கேட்பார்கள். பிரிட்டிஷ் வழக்கில் விண்டேஜ் என்பது 1919 முதல் 1930 வரையிலான வண்டிகளைக் குறிக்கும்; பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா 30 ஆண்டு நிறைந்த வண்டியை வரலாற்று வாகனமாகக் கொள்கிறது. அமைப்பாளர் எந்த வரையறையைப் பின்பற்றுகிறார் என்று கேட்டுக்கொண்டு அதன்படி படிவத்தை நிரப்புங்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. புதியவர்கள் அதைக் கேட்பதே இல்லை. திடலுக்குள் போன பிறகு, நிகழ்ச்சி முடியும் முன் வண்டியை வெளியே எடுக்க அனுமதி உண்டா? கூட்டம் நிறைந்த பிறகு பாதுகாப்புக்காக எந்த வண்டியையும் நகர்த்த விடாத சந்திப்புகள் பல. மதியம் இரண்டு மணிக்கே பிள்ளை சோர்ந்து அழத் தொடங்கினால் மாலை வரை மாட்டிக்கொள்வீர்கள். அனுமதி இல்லையென்றால் வெளி நிறுத்துமிடத்தில் விடலாமா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தூரத்தைப் பொறுத்தவரை, முதல் பயணத்துக்கு ஒரு வழி 100 கிலோமீட்டர், மிஞ்சிப்போனால் 150. அதற்கு மேல் என்றால் முந்தைய நாளே போய்த் தங்கிவிட வேண்டும். தொலைபேசி காட்டும் பயண நேரம் புதிய வண்டிக்கானது. பழைய வண்டிக்கு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைக்கான நிறுத்தங்களைத் தனியாகச் சேருங்கள். விரைவுச்சாலையில் வேகமாகப் பாயும் வண்டிகளுக்கு நடுவே மணிக்கு 70 கிலோமீட்டரில் போவது ஆபத்து, கண்ணாடியை ஏற்றினாலும் பேச்சுக் கேட்காத இரைச்சல் வேறு. கொஞ்சம் சுற்றானாலும் பழைய சாலையைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றங்கள் எங்கே, பெட்ரோல் நிலையங்கள் எத்தனை கிலோமீட்டர் இடைவெளியில், வண்டியை முழுவதுமாகச் சாலையை விட்டு இறக்கி நிறுத்த எங்கெங்கே இடம் என்பவற்றைக் காகித வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரைபடம் பின்னால் பிள்ளையின் கைக்குப் போகப்போகிறது.

மூன்று வாரத்துக்கு முன்: வண்டி

புறப்படும் தேதிக்கு முந்தைய வாரம் வண்டியில் எந்தப் புது உதிரிபாகத்தையும் மாட்டக்கூடாது என்பது பழைய வண்டிக்காரர்கள் அடிபட்டுக் கற்ற விதி. காண்டாக்ட் பாயின்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும் சிறு மின்பாகமான கன்டென்சர், புதிதாக இருந்தும் ஐம்பதாவது கிலோமீட்டரில் போய்விடுவதும், புதிய ஹோஸின் கிளாம்ப் சூட்டில் தளர்வதும் சாதாரணமாக நடப்பவை. எனவே வேலைகளை மூன்று வாரத்துக்கு முன்பே முடித்து, பிறகு வண்டியை ஓட்டி ஓட்டி நம்பிக்கை பெற வேண்டும்.

முதலில் டயர். பழைய வண்டிகள் குறைவாக ஓடுவதால் டயரின் பட்டை தேய்வதில்லை, ரப்பர்தான் முதுமையடைகிறது. பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும் டயர் வெடிப்பது இதனால்தான். டயரின் பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. மூன்று எண்களே இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், யோசிக்காமல் கழற்றி எறியுங்கள். பத்து ஆண்டைத் தாண்டிய டயரில் பிள்ளையை ஏற்றிச் செல்ல வேண்டாம், ஸ்டெப்னியையும் இதே கண்ணோடு பாருங்கள். முன்சக்கரங்களில் ரேடியல், பின்சக்கரங்களில் உள்நூல்கள் குறுக்கும் மறுக்குமாகச் செல்லும் பழைய வகையான கிராஸ்-பிளை என்று கலந்து மாட்டியிருந்தால் வளைவில் வண்டியின் பின்பகுதி வழுக்கிக்கொண்டு போகும். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும்.

அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகைக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடாகி ஆயில் கொதித்தால் மிதித்ததும் பெடல் தரை வரை உள்ளே போய்விடும், பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான அறிவுரை. கடைசியாக எப்போது மாற்றினோம் என்று நினைவுக்கு வராவிட்டால் இப்போதே மாற்றிவிடலாம். சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ மற்ற வகைகளோடு கலக்கக்கூடாது.

ரேடியேட்டர், ஹோஸ்கள், ஃபேன் பெல்ட் ஆகியவற்றைக் குளிர்ந்த நிலையில் கையால் அழுத்திப் பாருங்கள். விரலுக்குச் சொரசொரப்பாக வெடிப்புத் தட்டுப்படும் ஹோஸ், அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கும் ஹோஸ், இரண்டுமே மாற்ற வேண்டியவை. பெட்ரோல் குழாய்களுக்கும் இது பொருந்தும், இன்னும் கண்டிப்பாக. இன்றைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் பழைய ரப்பரை உள்ளிருந்து அரிக்கும். எத்தனால் தாங்கும் என்று குறிப்பிட்ட புதிய குழாயை மாட்டிவிட்டால் தீவிபத்துக்கான பெரிய காரணம் ஒன்று நீங்கும். பிளக், காண்டாக்ட் பாயின்ட் இடைவெளிகளை வண்டியின் கையேட்டில் உள்ளபடி இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபாருங்கள்; பாயின்ட்டுக்குப் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

பிள்ளையோடு போகிறவர் தனியாகக் கவனிக்க வேண்டியது புகை. சைலன்சர் குழாயின் இணைப்பில் கசிவு இருந்து, தரைத்தகட்டில் துருப்பிடித்த ஓட்டையும் இருந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மிதியடியைத் தூக்கித் தரையை டார்ச் வைத்துப் பாருங்கள், ரப்பர் அடைப்புகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின் கண்ணாடியை மட்டும் திறந்துவைத்து ஓட்டினால் வண்டியின் பின்னால் சுழலும் புகை உள்ளே இழுக்கப்படும்; முன் கண்ணாடியையும் சேர்த்துத் திறக்க வேண்டும். வழியில் பிள்ளை தலைவலி, மயக்கம், தூக்கக் கலக்கம் என்று சொன்னால் அதைப் பயணக் களைப்பு என்று தள்ளிவிடாமல் உடனே நிறுத்தி வெளியே இறக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு வெள்ளோட்டம் கட்டாயம் வேண்டும். பிள்ளையும் சாமான்களும் ஏறிய நிலையில் 50 கிலோமீட்டர் போய் வாருங்கள். வண்டியின் குறைகள் மட்டுமல்ல, பிள்ளையின் குறைகளும் அன்றே தெரிந்துவிடும். மென்மையான ஸ்பிரிங்கில் ஆடிக்கொண்டே போகும் வண்டியும் பெட்ரோல் வாசமும் சேர்ந்தால் புதிய காரில் ஒருநாளும் வாந்தி எடுக்காத பிள்ளைகூட எடுக்கும். தூரத்தில் உள்ள சாலையைப் பார்க்கும்படி உட்காரவைப்பதும், ஓடும் வண்டியில் புத்தகமும் திரையும் கொடுக்காமல் இருப்பதும் பெரிதும் உதவும்.

இருக்கை: இதில் மட்டும் பழமை வேண்டாம்

மூன்றிடத்தில் பிடிக்கும் இருக்கைப் பட்டையை வோல்வோ நிறுவனத்தின் நீல்ஸ் போலின் வடிவமைத்து அது வண்டியில் வந்தது 1959-இல். அதற்கு முந்தைய வண்டிகளிலும், அதற்குப் பிறகு வந்தவற்றில் பலவற்றின் பின்னிருக்கையிலும், பட்டை இல்லை அல்லது இடுப்புப் பட்டை மட்டுமே உண்டு. குழந்தை இருக்கையைச் சட்டெனப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிக்கான பன்னாட்டுத் தரமோ 1999-இல்தான் வந்தது. அதனால் கடையில் வாங்கிய குழந்தை இருக்கை பழைய வண்டியில் அப்படியே உட்காரும் என்று எண்ண வேண்டாம். பட்டையால் கட்டும் வகையா, அந்த வகைக்கு இடுப்புப் பட்டை போதுமா, மூன்றிடப் பட்டை வேண்டுமா என்று அதன் கையேட்டைப் படியுங்கள்.

பட்டை இல்லாத பழைய வண்டிக்குச் சட்டம் விலக்கு அளிக்கும் நாடுகள் உண்டு. அங்கும் மிகச் சிறிய குழந்தைகளை அதில் ஏற்றத் தடை இருக்கலாம். ஆனால் விலக்கு அபராதத்திலிருந்துதான் காப்பாற்றும். அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு, துருவில்லாத கெட்டியான சட்டத்தில் பின்னால் தகடு கொடுத்து மூன்றிடப் பட்டைக்கான பிடிமானங்களைப் பொருத்திக்கொள்ளுங்கள். வண்டியின் அசல் தன்மை போய்விடுமே என்று வருந்துவோர் உண்டு. அந்த வருத்தம் உங்களுக்கு இருந்தால், பிள்ளையைத் துணைவரோடு புதிய வண்டியில் பின்னால் வரச்செய்யுங்கள்; திடலுக்கு அருகில் மெதுவாகப் போகும் கடைசித் தூரத்தைக்கூடப் பட்டை இல்லாமல் கடக்க நினைக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

டிக்கியில் என்ன

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்லிடம் சொல்லாமல், மகன்கள் யூஜெனையும் ரிச்சர்டையும் அழைத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் சுமார் 100 கிலோமீட்டர் போனார். காரின் முதல் நெடும்பயணம் என்று சொல்லப்படுவதே ஒரு தாயும் பிள்ளைகளும் போன பயணம்தான். அடைத்துக்கொண்ட பெட்ரோல் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார், காலுறைப் பட்டையால் மின்கம்பிக்கு உறை போட்டார், தேய்ந்த பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் ஒட்டிக்கொண்டார், எரிபொருளை வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் வாங்கினார். ஏற்றத்தில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். நம்முடைய பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு இந்தப் பட்டியலே இன்றும் சரியாகப் பொருந்துகிறது: அடைப்பு எடுக்க, மின்கம்பியைச் சுற்ற, தேய்ந்ததை மாற்ற, கூடுதலாகக் கொஞ்சம் எரிபொருளுக்கு.

இன்றைய கணக்கில் சொன்னால், ஒரு ஃபேன் பெல்ட், பாயின்ட்டும் கன்டென்சரும் ஒரு செட், ஒரு பிளக், ஃபியூஸ்கள், ரேடியேட்டர் ஹோஸும் சில கிளாம்ப்களும், இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி, வண்டியின் அளவுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள், ஜாக்கி, டார்ச், ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், கை எட்டும் இடத்தில் தீயணைப்பான். தீயணைப்பான் இல்லாத வண்டியைத் திடலுக்குள் விடாத அமைப்பாளர்களும் உண்டு. பிள்ளைக்கு மாற்று உடை, மூடியுள்ள ஒரு சிறு வாளி, தொப்பி, காதடைப்பான். இவை அடியில் போய்விடக்கூடாது, கருவிப் பெட்டிக்கு மேலே இருக்கட்டும்.

தொலைபேசிக்கு மின்னேற்ற ஒரு பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் மின்சாரம் 6 வோல்ட். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். விவரம் தெரியாமல் சிகரெட் லைட்டர் துளையில் சார்ஜரைச் செருகினால் ஃபியூஸோ சார்ஜரோ போகும், பாதி வழியில் தொலைபேசியில் உள்ள வரைபடமும் போகும். பேட்டரி இறங்கி வேறு வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போதும் இதை மறக்கக்கூடாது.

சாலையில்

விடிந்ததும் புறப்படுங்கள். காற்று குளிர்ந்திருக்கும்போது இன்ஜினும் பிள்ளையும் ஒருசேர அமைதியாக இருக்கும். பேட்டரிக்கு மின்னேற்றும் பழைய வகைக் கருவியான டைனமோ உள்ள வண்டி நெரிசலில் நின்று நின்று போகும்போது பேட்டரியை நிரப்பாது, விளக்கும் எரிந்தால் இறக்கிக்கொண்டே இருக்கும் என்பதால், இருட்டும் முன் வீடு திரும்பும்படியும் திட்டமிட வேண்டும். ஒரு மணி அல்லது ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். பிள்ளை ஓடட்டும், நீங்கள் சக்கர மையங்களைப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிள்ளைக்குக் கொடுக்கும் வேலை விளையாட்டு வேலையாக இருந்தால் அரைமணியில் கண்டுபிடித்துவிடும். வரைபடத்தைப் பார்த்து அடுத்த திருப்பத்தைச் சொல்வது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மணியையும் கிலோமீட்டரையும் போட்ட பெட்ரோலையும் குறிப்பேட்டில் எழுதுவது, இன்ஜினின் சூட்டைக் காட்டும் வெப்பமானியின் முள்ளைக் கவனிப்பது ஆகியவை நிஜ வேலைகள். என் மகளுக்கு ஒன்பது வயதில் அந்த முள்ளைக் கொடுத்தேன். நீண்ட ஏற்றம் ஒன்றில், முன்னே ஊர்ந்துகொண்டிருந்த லாரியை எப்போது முந்தலாம் என்பதிலேயே என் கண் இருந்தது.

"அப்பா, முள்ளு பாதியைத் தாண்டிடுச்சு."

"பாத்துக்கறேன்ம்மா."

அரைக் கிலோமீட்டர் கழித்துப் பின்னாலிருந்து மறுபடியும் குரல் வந்தது: "நீங்க பாக்கவே இல்லப்பா."

உண்மைதான், பார்க்கவில்லை. ஓரங்கட்டிப் பானெட்டைத் திறந்தால் ஃபேன் பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. முந்தைய நாள் இருட்டில் பெல்ட்டை இழுத்துவிட்டு டைனமோவின் தாங்கியில் உள்ள போல்ட்டை முழுவதும் முறுக்காமல் விட்டது நான்தான். இருபத்தைந்து நிமிடம் ஆறவிட்டு, அவள் ஒரு மரக்கட்டையால் டைனமோவை நெம்பிப் பிடிக்க, நான் போல்ட்டை முறுக்கினேன். பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அமுங்க வேண்டும் என்பதை அவளையே அழுத்திப் பார்க்கச் செய்தேன். குறிப்பேட்டில் "10.40, நின்றோம், பெல்ட், அப்பா தப்பு" என்று எழுதியிருக்கிறாள்.

முள் ஏறினால் முதலில் வேகத்தைக் குறையுங்கள், ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறந்துவிடுங்கள். இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும், உள்ளே வெந்துபோனாலும் சில நிமிடம் தாங்கலாம். நிறுத்திய பின் சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது, அது ஆறும் வரை பிள்ளையைப் பானெட்டின் பக்கமே விடக்கூடாது. முள் இயல்பாக இருக்க, சூடான நாளில் வண்டி திக்கித் திணறி நின்றால் அது பெரும்பாலும் வேப்பர் லாக்: பம்ப்பிலோ குழாயிலோ பெட்ரோல் கொதித்து ஆவியாகி வரத்து நின்றுவிடுகிறது. செல்ஃபை அடித்து அடித்துப் பேட்டரியைத் தீர்க்காமல், பானெட்டைத் திறந்து வைத்து, பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, அரை மணி பொறுத்திருங்கள். அது வரை பிள்ளையோடு சாலையை விட்டு விலகி நிழலில் இருங்கள். மூடிய வண்டிக்குள் விட்டுவிட்டு நிற்க வேண்டாம். வெயிலில் 10 நிமிடத்திலேயே உள்ளே வெப்பம் 10 டிகிரி அளவுக்கு ஏறிவிடும்.

இறக்கத்தில், எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கிளட்சை மிதித்து உருளவிடுவது பிரேக் டிரம்மைத்தான் எரிக்கும்.

திடலில்

வாயிலில் பணியாளர் கை காட்டிய இடத்தில் நிறுத்தி, ஆயில் சொட்டும் வண்டியென்றால் அடியில் ஓர் அட்டையை விரித்துவிடுங்கள். இறங்கியதும் பிள்ளையின் கையிலோ கழுத்திலோ உங்கள் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்க வேண்டும்; தொலைந்தால் வந்து நிற்க வேண்டிய இடத்தையும் காட்டிவிடுங்கள். அந்த இடம் நம் வண்டியாக இருக்கலாம், ஆனால் அதே நிறத்தில் அதே மாதிரி வண்டி வரிசையில் நான்கு நிற்கும் சந்திப்பும் உண்டு, ஆகவே நகராத ஒரு கம்பத்தையோ கூடாரத்தையோ சேர்த்துக் காட்டுங்கள்.

பிறர் வண்டியைக் கேட்காமல் தொடக்கூடாது என்று பிள்ளைக்குச் சொன்னால் மட்டும் போதாது. கீறுவது விரல் அல்ல, பெல்ட் பக்கிளும் ஜிப்பும் தோள்பையின் கொக்கியும்தான். கண்ணாடிக்குள் எட்டிப்பார்க்கச் சாயும்போது அவை வண்ணப்பூச்சில் உரசும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கப் பழக்கினால் உரிமையாளருக்கு அது தூரத்திலேயே புரியும், பெரும்பாலும் அவரே "உள்ள உக்காந்து பாக்கறியா?" என்று கதவைத் திறந்துவிடுவார். எத்தனை குதிரைத்திறன் என்ற கேள்விக்கு எண் ஒன்றுதான் கிடைக்கும். இது உங்களிடம் எப்படி வந்தது, எங்கே நின்றுபோனது என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். அதற்கு அரை மணிக் கதை கிடைக்கும்.

பந்தய இன்ஜின்களை முடுக்கிக் காட்டும் இடத்துக்குப் போகும் முன் காதடைப்பானை மாட்டிவிடுங்கள், வண்டிகள் நகரும் நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி ஓட்டுநர்களுக்குப் பின்பக்கம் சரியாகத் தெரியாது. உதிரிபாகச் சந்தைக்கு ஒரு சிறு தொகையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, நம் வண்டிக்குத் தேவையான ஒரு பல்பையோ திருகாணியையோ தேடிப் பிடிக்கும் வேலையை விடலாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் எந்தப் பிள்ளையும் வண்டி பார்க்காது, அதை வற்புறுத்தவும் வேண்டாம்.

திரும்பும்போது

புறப்படும் முன் இன்ஜின் குளிர்ந்திருக்கும் நேரத்திலேயே ஆயிலையும் தண்ணீரையும் பாருங்கள். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் வாயிலில் வரிசை நிற்கும். சூடேறிய பழைய வண்டிக்கு அதைவிடக் கெட்ட இடம் இல்லை, முக்கால் மணி முன்பாகவோ பின்பாகவோ கிளம்பலாம். பிள்ளை தூங்கிவிடும் என்பதால் முள்ளைப் பார்க்கும் வேலை உங்களிடம் திரும்பி வந்துவிடும்.

வீடு சேர்ந்த மறுநாள் குறிப்பேட்டை எடுத்து, எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல், எவ்வளவு ஆயில் இறங்கியது என்று பிள்ளையோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். டிக்கியிலிருந்து எடுத்துப் பயன்படுத்திய உதிரிபாகத்துக்குப் பதில் புதியதை வாங்கி அன்றே பெட்டியில் வையுங்கள். வழியில் அவசரத்துக்கு டேப் சுற்றிய கம்பியையும் கட்டுக்கம்பியால் கட்டிய ஹோஸையும் அந்த வாரத்திலேயே பிரித்து முறையாகச் சரிசெய்துவிட வேண்டும்.